எலுமிச்சைக்கு அரை மணி, உப்புக்கு ஓர் இரவு: வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் மொட்டைமாடிக் கரி அடுப்பைப் பற்றி எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், கோழியை எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி ஆகியவற்றின் சாற்றில் ஊற வைத்துச் சுடுவது குறித்தவை. ஆகவே இந்த மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். மயோனைஸ் செய்முறை கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை சுடுவதற்காக, சனிக்கிழமை இரவே 1 கிலோ தோலுரித்த நெஞ்சுக்கறியில் 6 எலுமிச்சம்பழங்களைப் பிழிந்து ஊற வைத்தேன். காலையில் பார்த்தால் ஓரங்கள் வெந்ததுபோல் வெளுத்திருந்தன. சுடும்போதுதான் உப்புத் தூவினேன். சுட்ட பிறகு வெளிப்புறம் மாவு போலவும், உள்ளே வறண்டும் சப்பென்றும் இருந்தது. எங்கே பிழை செய்தேன்? – வாசகி, பாளையங்கோட்டை

பதில்: உப்பைத் தாமதமாகவும் எலுமிச்சையை முன்னதாகவும் சேர்த்துவிட்டீர்கள். வரிசையை அப்படியே மாற்றிப் போட்டால் போதும்.

எலுமிச்சைச் சாறு கறிக்குள் இறங்கி அதை மெதுவாக்கும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது. நானும் பல ஆண்டுகள் அதை நம்பிக் கூடை கூடையாகப் பழங்களைப் பிழிந்து தள்ளியவன்தான். அடுத்த முறை, இரவு முழுவதும் ஊறிய துண்டு ஒன்றைச் சுடுவதற்கு முன் குறுக்கே வெட்டிப் பாருங்கள். விளிம்பில் சில மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் அவித்த முட்டையின் வெள்ளைக்கரு போல வெளுத்திருக்கும். நடுப்பகுதியோ கடையிலிருந்து வந்தபோது இருந்த அதே இளஞ்சிவப்பில் இருக்கும். 12 மணி நேரத்தில் சாறு சென்ற தூரம் அவ்வளவுதான். அந்த வெளுத்த பகுதியில் அமிலம் புரதத்தின் கட்டமைப்பைக் குலைத்திருக்கிறது. நெருப்பு செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதியை அது முன்கூட்டியே செய்துவிட்டதால், அடுப்பில் ஏறும்போது அந்தப் பகுதி இரண்டாம் முறை வேகிறது. மாவு போல உதிர்வது அதனால்தான்.

வறட்சிக்கும் காரணம் உண்டு. அமிலத்தன்மையைக் காட்டும் அளவுக்கு பி.எச். என்று பெயர்; எண் குறையக் குறைய அமிலம் கூடும். பச்சைக் கோழிக்கறியின் பி.எச். அளவு 6-க்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அது 5.2-ஐ ஒட்டி இறங்கும்போது, இறைச்சிப் புரதம் நீரைப் பிடித்து வைத்திருக்கும் ஆற்றல் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2-க்கும் 3-க்கும் இடைப்பட்டது. அவ்வளவு கடுமையான சாற்றில் நெடுநேரம் கிடக்கும் துண்டில், சாறு நீர்த்து இறங்கும் எல்லையில் இந்த 5.2 எப்படியும் வந்தே தீரும். காலையில் கிண்ணத்தின் அடியில் கலங்கலாக நீர் தேங்கியிருந்திருக்குமே, அது கறி விட்ட நீர்.

உப்பின் போக்கு வேறு. அது மெதுவாகத்தான் என்றாலும், உள்ளே செல்கிறது. செல்லும் வழியில் தசைப் புரதத்தின் ஒரு பகுதியைக் கரைத்து, வேகும்போது நீர் வெளியேறாதபடி பிடித்துக்கொள்ளச் செய்கிறது. எனவே, 1 கிலோ எலும்பில்லாத கறிக்கு 12 கிராம் உப்பு, அதாவது தூளுப்பாக இருந்தால் தேக்கரண்டியில் தலைதட்டி இரண்டு, முந்தைய இரவே பிசிறி வையுங்கள். கல்லுப்பானால் எடை போட்டுக்கொள்வதே நல்லது. கரண்டிக் கணக்கு ஏமாற்றிவிடும். அதோடு 8 பல் பூண்டை நசுக்கியது, இடித்த மிளகு 1 தேக்கரண்டி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, ஒரு ஆரஞ்சுப் பழத்தின் மேல்தோலைத் துருவியது ஆகியவற்றையும் சேர்த்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். பழத்தின் மணமெல்லாம் தோலில் இருக்கும் எண்ணெய்ப் பைகளில்தான் அடங்கியிருக்கிறது. அந்த மணம் நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். தோலைத் துருவும்போது நிறமுள்ள பகுதியோடு நிறுத்திவிட வேண்டும். அடியில் உள்ள வெள்ளைப் பகுதி வந்தால் கசக்கும்.

மறுநாள் அடுப்பில் கரி பற்றவைக்கும் நேரத்தில், 3 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை ஊற்றிப் பிரட்டினால், கரி கனன்று சாம்பல் பூப்பதற்குள் அரை மணி ஆகிவிடும். நெஞ்சுக்கறிக்கு அந்த அரை மணியே தாராளம். தொடைக்கறி கொழுப்பும் இணைப்புத் திசுவும் மிகுந்தது என்பதால் ஒரு மணி, இரண்டு மணி தாங்கும். எலும்போடு கூடிய லெக் பீஸ் என்றால் எலும்பு வரை ஆழமாக மூன்று கீறல் போடுங்கள். தோலோடு சுடுவதாயிருந்தால் கலவையைத் தோலுக்கு அடியில் விரல் விட்டுத் தடவ வேண்டும்; தோலின் மேல் ஊற்றும் சாறு பெரும்பாலும் தட்டுக்குத்தான் போகும்.

இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். சூட்டில் எலுமிச்சையின் புத்துணர்ச்சியான வாசனை பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடுகிறது. ஆகவே, சுட்டு இறக்கி 5 நிமிடம் ஆறவிட்ட பிறகு, அரை மூடி எலுமிச்சையை மேலே பிழியுங்கள். சாப்பிடுகிறவர் நாக்குக்கு எட்டும் எலுமிச்சை அதுதான்.

தந்தூரிக் கோழி செய்பவர்கள் முதலிலேயே எலுமிச்சை தடவுகிறார்களே என்று நீங்கள் கேட்கக்கூடும். அவர்களும் சாறு, உப்பு, மிளகாய்த்தூள் மூன்றையும் கொஞ்சமாகத் தடவி அரை மணி அளவே தனியாக வைக்கிறார்கள். பிறகு வருகிற தயிர், எலுமிச்சையைவிடப் பல மடங்கு சாதுவான அமிலம்.

கேள்வி: வெளிநாட்டுச் செய்முறைகளில் "ஒரு லெமன் சாறு" என்று போட்டிருக்கிறது. நம் ஊர் எலுமிச்சை ஒன்று அதற்கு ஈடாகுமா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஆகாது. அவர்கள் லெமன் என்று சொல்வது முட்டை வடிவில், இரண்டு முனையும் சற்றுக் கூம்பி, தடித்த மஞ்சள் தோலோடு இருக்கும் பெரிய பழம். ஒன்றைப் பிழிந்தால் 3 மேசைக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 45 மி.லி. சாறு கிடைக்கும். புளியங்குடிச் சந்தையிலிருந்து நமக்கு மூட்டையில் வருகிற உருண்டை எலுமிச்சை, ஆங்கிலத்தில் லைம் என்று சொல்லப்படுகிற இனத்தைச் சேர்ந்தது. நல்ல சாறுள்ள பழம் ஒன்றில் ஒரு மேசைக்கரண்டிதான் தேறும். ஆகவே ஒரு லெமனுக்கு நம்முடையதில் மூன்று என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் தோல் வறண்ட பழமானால் நான்கு.

அளவைக் காட்டிலும் முக்கியமானது தோல். லெமனின் மேல்தோலை அவர்கள் தயங்காமல் துருவிப் போடுவார்கள். நம் எலுமிச்சையின் தோல் காகிதம் போல மெல்லியது. துருவியில் இரண்டு இழுப்பு இழுத்தால் வெள்ளை தெரிந்துவிடும், கசப்பும் கூடவே வந்துவிடும். தோலின் மணம் வேண்டுமென்றால் ஆரஞ்சுத் தோலைத் துருவுங்கள், அல்லது எலுமிச்சை மரத்தின் இளம் இலைகள் நான்கைந்தைக் கசக்கிப் போட்டுச் சுடும்போது எடுத்துவிடுங்கள். நாரத்தை இலை கிடைக்கும் வீடுகளில் அதுவும் மிக நன்றாக இருக்கிறது.

பாட்டிலில் அடைத்த எலுமிச்சைச் சாற்றைப் பயன்படுத்தலாமா என்று வேறொருவர் கேட்டிருக்கிறார். புளிக்கும், மணக்காது.

கேள்வி: இங்கே எங்கள் பக்கத்து வீட்டில் வசிக்கும் கியூபாக்காரர், "மோஹோ" என்ற சாற்றில் ஊற வைத்த கோழியைச் சுட்டுத் தந்தார். புளிப்பு ஆரஞ்சில் செய்தது என்றார். அந்தப் பழம் எங்கள் கடைகளில் எப்போதும் கிடைப்பதில்லை. மாற்று உண்டா? – வாசகி, டொராண்டோ

பதில்: கரீபியத் தீவுகளின் சமையலில் அந்தப் புளிப்பு ஆரஞ்சுக்குத் தனி இடம் உண்டு. தோல் முரடாக, விதை நிறைந்து, அப்படியே உரித்துத் தின்ன முடியாத அளவு புளிப்பும் லேசான கசப்பும் கொண்ட பழம் அது. கியூபாவில் நிறையப் பூண்டை உப்போடு சேர்த்து உரலில் நைத்து, சீரகமும் ஒரெகானோ என்ற மணமூட்டும் இலையும் கூட்டி, இந்தச் சாற்றையும் எண்ணெயையும் விட்டு மோஹோ செய்கிறார்கள். மெக்சிகோவின் யுகடான் பகுதியிலோ இதே சாற்றில், சிவப்பு நிறம் தரும் அச்சியோட்டே விதையை அரைத்துக் கோழிக்குப் பூசுகிறார்கள்.

மாற்று எளிது. இரண்டு பங்கு ஆரஞ்சுச் சாற்றுக்கு ஒரு பங்கு லைம் சாறு. கசப்பும் வேண்டுமென்று நினைத்தால் பம்ப்ளிமாஸ் சாறு சிறிது சேர்க்கலாம். பூண்டில் கஞ்சத்தனம் காட்டக்கூடாது. 1 கிலோ கறிக்கு ஒரு முழுப் பூண்டு போனாலும் தப்பில்லை. சீரகத்தை வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்தால் நம் வாய்க்கும் இது அந்நியமாகத் தெரியாது.

பிலிப்பைன்ஸின் பக்கோலோட் நகரத்து "இனாசால்" கோழியும் இதற்கு உறவுதான். அங்கே கலமான்சி என்ற, கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிதான சின்ன எலுமிச்சை, வினிகர், இஞ்சி, பூண்டு, எலுமிச்சைப்புல் ஆகியவற்றில் ஊற வைத்து, அதே அச்சியோட்டே விதையைக் காய்ச்சிய சிவப்பு எண்ணெயைத் தூரிகையால் பூசிப் பூசிக் கரியில் வாட்டுகிறார்கள். டொராண்டோவில் பிலிப்பைன்ஸ் மளிகைக் கடைகள் இருப்பதால், உறையவைத்த கலமான்சிச் சாறு உங்களுக்குக் கிடைக்கக்கூடும், முயன்று பாருங்கள்.

கேள்வி: ஆரஞ்சுச் சாற்றில் ஊற வைத்தால் வெளியே கருகிவிடுகிறது, உள்ளே வேகவில்லை. எலுமிச்சையில் ஊற வைத்தாலோ வெந்த பிறகும் வெளுப்பாகவே இருக்கிறது. இரண்டும் ஒரே குடும்பத்துப் பழங்கள்தானே? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: குடும்பம் ஒன்றுதான், குணம் வேறு. 100 மி.லி. ஆரஞ்சுச் சாற்றில் ஏறத்தாழ 8 கிராம் சர்க்கரையும் 1 கிராம் அளவுக்கு சிட்ரிக் அமிலமும் இருக்கின்றன. எலுமிச்சையில் அமிலம் 5 கிராமுக்கு மேல். சர்க்கரை மிகவும் சொற்பம். சர்க்கரை நெருப்பில் விரைவாகக் கருகும். அமிலமோ, இறைச்சி பொன்னிறமாகச் சிவப்பதற்குக் காரணமான மாற்றத்தை மந்தப்படுத்தும். நீங்கள் கண்ட இரண்டு குறைகளுக்கும் காரணம் இதுவே.

இரண்டுக்கும் முதல் மருந்து ஒன்று: அடுப்பில் வைப்பதற்கு முன், கறியின் மேல் வழியும் சாற்றைத் துணியாலோ காகிதத்தாலோ ஒற்றி எடுத்துவிட்டு, மெல்லிய பூச்சாக எண்ணெய் தடவுங்கள். ஈரம் போகிற வரை கறி வேகுமே தவிரச் சிவக்காது. சாறு சொட்டச் சொட்டக் கம்பி வலையில் வைத்தால் கரியும் அணையும், கறியும் ஒட்டிக்கொள்ளும்.

ஆரஞ்சுக்கு மட்டும் இன்னொரு ஏற்பாடு தேவை. கரியை அடுப்பின் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, கறியைக் கரி இல்லாத பக்கத்தில் வைத்து மூடி, முக்கால் பதம் வேகவிடுங்கள். கடைசி மூன்று நான்கு நிமிடங்கள் மட்டும் கனலுக்கு நேர் மேலே நகர்த்திப் புரட்டிப் புரட்டி எடுத்தால், சர்க்கரை கருகாமல் பளபளவென்று பூத்து நிற்கும். ஓ.டி.ஜி. என்கிற மின் அடுப்பில் செய்பவர்கள், தட்டை முதலில் நடு அடுக்கில் வைத்து வேகவிட்டு, இறுதியில் மட்டும் மேல் கம்பிக்கு அருகே ஏற்றலாம். தேனோ வெல்லமோ சேர்க்கும் வழக்கமிருந்தால் அதையும் அந்தக் கடைசி நிமிடங்களுக்கு ஒத்திப்போடுங்கள்.

வெந்ததா என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், அதிலும் மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் பூசிய கறியில். இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி இப்போது எளிதில் கிடைக்கிறது. எலும்பில் படாமல், தடித்த இடத்தின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும்.

கேள்வி: பூண்டு விழுதில் எலுமிச்சை பிழிந்து வைத்தேன். சிறிது நேரத்தில் மயில்துத்தம் கலந்ததுபோல் நீலப்பச்சையாகிவிட்டது. பயந்துபோய்க் கொட்டிவிட்டேன். – வாசகி, நாகர்கோவில்

பதில்: கொட்டியிருக்க வேண்டாம். நசுக்கிய பூண்டில் உள்ள கந்தகச் சேர்மங்கள் அமிலத்தோடு சேரும்போது சில சமயம் அந்த நிறம் உண்டாகும். கெடுதல் ஒன்றுமில்லை; சுவையும் மாறாது. கண்ணுக்குப் பிடிக்கவில்லையென்றால், பூண்டை முந்தைய இரவே உப்போடும் எண்ணெயோடும் கறியில் பிசிறிவிட்டு, சாற்றைக் கடைசியில் சேர்க்கும் முறைக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: எலுமிச்சை விலையைப் பார்த்துச் சாத்துக்குடியில் ஊற வைத்தேன். கறி கசந்தது. காலையிலேயே பிழிந்து வைத்த சாறு அது. – வாசகர், மதுரை

பதில்: சாத்துக்குடிச் சாற்றைப் பிழிந்தவுடன் குடித்தால் இனிக்கும், மறந்து வைத்துவிட்டு மதியம் குடித்தால் கசக்கும் என்பது ஜூஸ் கடைக்காரர்கள் எல்லாரும் அறிந்த செய்தி. சுளையின் தோலிலும் விதையிலும் இருக்கும் கசப்பில்லாத ஒரு பொருள், பிழிந்த சாற்றின் அமிலத்தில் மெல்ல மெல்லக் கசக்கும் லிமோனினாக மாறுவதே காரணம். விதையோடு மிக்ஸியில் அடித்தால் கசப்பு இன்னும் கூடும். கையால் பிழிந்து, வடிகட்டி, உடனே பயன்படுத்துங்கள். ஆனால் உங்கள் கறிக்கு அது போதாது. சாத்துக்குடியில் புளிப்பு மிகக் குறைவு. அரை டம்ளர் சாற்றுக்கு ஒரு எலுமிச்சையாவது கூட்டினால்தான் சுட்ட கறியில் சுவை எழும்.

கேள்வி: நாட்டுக்கோழி வாங்கிச் சுட்டோம். 4 மணி நேரம் எலுமிச்சையில் ஊறியும் ரப்பர் போல இருந்தது. – வாசகர், நாமக்கல்

பதில்: 4 நாள் ஊறினாலும் அப்படித்தான் இருந்திருக்கும். ஓடியாடித் திரிந்த கோழியின் காலில் இணைப்புத் திசு கெட்டிப்பட்டிருக்கிறது. அதை இளக்க வேண்டியது ஈரத்தோடு கூடிய நிதானமான சூடு. பச்சைப் பப்பாளியிலும் அன்னாசியிலும் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உண்டு. எலுமிச்சை வகைப் பழங்களில் அந்த வேலையைச் செய்யும் நொதி கிடையாது. பப்பாளி விழுதும்கூட மேற்பரப்பைத்தான் பதம் பார்க்கும், கூடிப்போனால் கூழாக்கிவிடும்.

நாட்டுக்கோழியைச் சுட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், உப்பும் மஞ்சளும் மிளகும் சேர்த்து மூடிய சட்டியில் முக்கால் பங்கு வேகவைத்து, ஆறியதும் எலுமிச்சையும் எண்ணெயும் பூசிக் கனலில் வாட்டி எடுங்கள். சட்டியில் மிஞ்சும் சாற்றை யாரும் கொட்டமாட்டார்கள் என்று நம்புகிறேன். இளங்கோழி, அதாவது இன்னும் முட்டையிடத் தொடங்காத விடை, கிடைத்தால் நேரடியாகச் சுட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: எலுமிச்சைச் சாறு கிருமிகளைக் கொன்றுவிடும் என்பதால் ஊறும் பாத்திரத்தை வெளியிலேயே வைக்கலாமா? மிஞ்சிய ஊறல் சாற்றைச் சுட்ட கறியின் மேல் ஊற்றலாமா? – வாசகி, ஈரோடு

பதில்: இரண்டும் கூடாது. சால்மொனெல்லா போன்ற கிருமிகளை ஒழிக்க எலுமிச்சையை நம்ப முடியாது. ஊறுவது அரை மணியைத் தாண்டினால் பாத்திரம் குளிர்பெட்டிக்குப் போக வேண்டும், அதுவும் சொட்டினாலும் மற்ற உணவில் விழாதபடி கீழ்த்தட்டுக்கு. பச்சைக்கறி கிடந்த சாற்றைத் திரும்பப் பயன்படுத்த விரும்பினால் ஒரு சட்டியில் ஊற்றித் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். அதைவிட, கறியில் ஊற்றுவதற்கு முன்பே கலவையில் கால் பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பாத்திரம் கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர் ஏதாவதொன்றாக இருக்கட்டும். அலுமினியம், ஈயம் பூசாத பித்தளை, செம்பு ஆகியவை அமிலத்தோடு ஒத்துப்போகாது. ஒருமுறை அவசரத்துக்கு அலுமினியத் தாள் விரித்த தட்டில் எலுமிச்சைக் கோழியை இரவு முழுவதும் வைத்துவிட்டேன். காலையில் தாளில் ஊசி குத்தியதுபோல் ஓட்டைகள், கறியில் ஒருவித உலோகக் கைப்பு. அன்றைக்கு எங்கள் வீட்டில் முட்டைக் குழம்பு.

கேள்வி: மாடியில் மதிய வெயிலில் எலுமிச்சை பிழிந்து கோழி சுட்டோம். இரண்டு நாள் கழித்து என் கணவரின் புறங்கையில் சாறு வழிந்த கோடு போலவே சிவந்து, பிறகு கருத்துவிட்டது. தீப்புண் இல்லை. என்னவாக இருக்கும்? – வாசகி, சென்னை

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்கள், எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுவதால் ஏற்படும் அழற்சியோடு பொருந்துகின்றன. எலுமிச்சை வகைகளில், குறிப்பாக நம் ஊர் எலுமிச்சையின் தோலில், ஃபூரனோகூமரின் என்ற பொருள்கள் உள்ளன. அவை தோலில் படிந்திருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால், ஓரிரு நாளில் சிவப்பும் சில சமயம் கொப்புளமும் தோன்றி, பின் கருப்புத் தழும்பாக நிற்கும். தழும்பு மறைய வாரங்கள், ஏன், மாதங்கள்கூட ஆகலாம். கொப்புளம் இருந்தாலோ வலி இருந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அதுவரை அந்த இடத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இனிமேல் பழம் பிழியும் வேலையை அடுக்களையிலேயே முடித்து, கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மாடி ஏறட்டும். கடைசியில் பிழிவதற்கான அந்த அரை மூடியைக் கீழே தட்டு வைக்கும்போது பிழிந்துகொள்ளலாம்.